மதகுக் கட்டையில் நான் உட்கார்ந்த நாள்

என் மகனுக்கு,

சுகமா என்று நீ கேட்டு வெகுநாளாகிறது. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: இருக்கிறேன். இரண்டு கால்களும் இருக்கின்றன, இரண்டிலும் உணர்வு இருக்கிறது. இதைப் போய் முதலிலேயே எழுதுகிறாளே என்று நினைப்பாய். கடிதம் முடிவதற்குள் புரியும். எளாவூர் ஷெட்டில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு இதைப் படிக்காதே. கையைக் கழுவிக்கொண்டு, ஒரு டீ சொல்லிவிட்டு, உட்கார்ந்து படி. நான் எட்டாவதோடு நின்றவள், சுருக்கமாக எழுத எனக்கு வராது. சுருக்கமாகப் பேசவும் வராது என்று உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே சொல்கிறார்.

நீ கடைசியாக என்னோடு பேசியது திருப்பாலைவனத்தில், மதகின் அருகே. அந்த நாளை நீ ஒரு விதமாக நினைவில் வைத்திருக்கிறாய், நான் ஒரு விதமாக வைத்திருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி மல்லிகா வீட்டுக்குப் பெண் பார்க்க நடந்துகொண்டிருந்தோம். முன்னால் நான், கையில் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டு. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளையைப் பெற்றவள் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும், பெண் வீட்டுப் பாயில் உட்காரும்வரை வழியில் எங்கும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லிப் பகையாவதற்குப் பதிலாக நம் ஜனம் கண்டுபிடித்த வழி அது. பெண் வீட்டு வாசலில் போட்ட கோலம் தெரிகிற தூரத்தில், வாய்க்கால் மதகின் கட்டையில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். எதிர்வீட்டு ஆட்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது? எழுந்திரு!" என்று நீ கத்தினாய். "காலு வரலடா, கொஞ்சம் குனிஞ்சு உக்காந்தா சரியாயிடும்" என்றேன். அதற்கு நீ சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "ஏரியில குந்திகினு அரைநாளு இறால் தடவுறியே, அப்போ வலிக்கல. எனுக்குப் பொண்ணு பாக்க வரச்சொல்லோ மட்டும் வலிக்குதா? உனுக்கு அவளப் புடிக்கல, அதான் நாடகம் ஆடறே." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாய். நீ திரும்பியதும் மற்றவர்களும் திரும்பினார்கள். எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தில் கால் வலிகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

மல்லிகாவை எனக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். அதை ஒளித்தேனா? வீட்டில், உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர்களும் நம் ஜனம்தான். ஆனால் ஏரியை விட்டுப்போய் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை போட்டதிலிருந்து அவர்களுக்கு மீன் நாற்றம் தெரிய ஆரம்பித்துவிட்டது. நான் கூடையோடு அந்தத் தெருவுக்குப் போனால் அவள் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் விலை கேட்பாள். அந்த வீட்டில் போய்ச் சம்பந்தியாகக் கைநனைக்க வேண்டுமா என்று கேட்டேன். நீ பிடித்த பிடியில் நின்றாய். சரி, வாழப்போகிறவன் நீ என்று புடவையை மாற்றிக்கொண்டு தட்டை வாங்கினேன். எதிரில் நின்று கத்துவேன், சரி என்று சொன்ன பிறகு முதுகில் குத்தமாட்டேன். என் வயிற்றில் பிறந்த உனக்கே அது தெரியவில்லையே என்பதுதான் என்னைத் தின்றது.

அந்த வலி எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது கேள். தலையில் கூடையோடு நிமிர்ந்து நடந்தால் கொஞ்ச தூரத்தில் இடுப்பிலிருந்து தொடை வழியாக ஏதோ இறங்கும். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை எல்லாம் இரண்டு கால்களிலும் கட்டிவிட்டது போலாகும். பிறகு பாதம் மரத்துப் போகும், தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. உட்கார்ந்தாலோ குனிந்தாலோ போதும், வந்த சுவடு தெரியாமல் போய்விடும். அதனால்தான் ஏரியில் வலிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில், பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டே போகும்போது நான் பதினாறு வயதுப் பெண். கரையேறி நிமிர்ந்தால் கிழவி. கூடையைத் தலையில் தூக்க முடியாமல் போன பிறகு உன் நைனாவின் பழைய சைக்கிளில் வைத்துக் கட்டி, ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்தாற்போல் தள்ளிக்கொண்டு பழவேற்காடு மார்க்கெட்வரை போனேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வெறுங்கையோடு கோயில்வரை நடக்க முடியாதவள் மீனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மார்க்கெட் போகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "துட்டு வர்ற எடத்துக்கு மட்டும் காலு போவுது" என்று உன் அத்தை குழாயடியில் சொன்னாள். பெண் பார்க்கப் போன அன்றும் நான் சைக்கிளைக் கேட்டேன். "மீன் சைக்கிளத் தள்ளிகினா சம்பந்தம் பேசப் போவாங்க? மானம் போவும்" என்று நீதான் வேண்டாம் என்றாய். நினைவிருக்கிறதா?

வைத்தியம் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தண்ணீரில் குனிந்து குனிந்துதான் இடுப்பு வளைந்துவிட்டது, நிமிர்த்தினால் சரியாகும் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். உன் நைனா என்னை ஏரிக்குப் போகவிடாமல் செய்து, வெயிலில் கொதிக்கிற மணலில் குப்புறப் படுக்கவைத்தார். உன் அத்தை முதுகில் ஏறி மிதித்தாள். அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்திருக்கும், போகட்டும். ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கும்போது கால் முன்னைவிட மோசமாக இருந்தது. பாவம், உன் நைனா அன்பினால்தான் செய்தார். அன்பு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஆண்பிள்ளைகளில் அவரும் ஒருவர். நீயும் அந்த ரகம்தான். நாளைக்கு உன் பெண்டாட்டி வலிக்கிறது என்று சொன்னால், எப்போது வலிக்கிறது, எப்படி இருந்தால் குறைகிறது என்று கேள். அதைக் கேட்காமல் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடாதே.

நீ எளாவூருக்குப் போன பிறகு பாதம் மரத்தது மரத்தபடியே நிற்க ஆரம்பித்தது. ஒருநாள் காலில் ஓட்டாஞ்சில்லு குத்தி ரத்தம் ஒழுகுவது தெரியாமல் மார்க்கெட்டுக்குள் போயிருக்கிறேன். நம்மிடம் வாடிக்கையாக இறால் வாங்குகிற ஆமினாக்காதான் பார்த்துப் பதறினாள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "குனிஞ்சா போயிடுதா? எங்க மாமியாருக்கும் இதே கததான்மா. மெட்ராஸ்ல காட்டுனோம். நீ ஒடனே போ, தாமசம் பண்ணாதே" என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் சீட்டு வாங்க வேண்டும் என்பதுவரை சொன்னாள். உன் நைனாவை இழுத்துக்கொண்டு போனேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். சொன்னால் இதையும் நாடகம் என்பாயோ என்ற கோபம் பாதி. ஓடிவந்து தடுத்துவிடுவாயோ என்ற பயம் மீதி.

அங்கே ஒரு டாக்டரம்மா. கண்ணாடி, நரைத்த கொண்டை, சிரிக்காத முகம். எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்து, "எப்படி இருந்தா வலி போகுது?" என்றார். உண்மையைச் சொன்னால் இவரும் நம்பமாட்டார் என்று தோன்றியது. பொய் சொல்லவும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "தண்ணியில குனிஞ்சா வலி இல்லம்மா. சைக்கிள் தள்ளினா எவ்ளோ தூரம்னாலும் போவேன். வெறுங்கையா நிமிந்து நடந்தாத்தான் முடியல" என்றேன். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, சுற்றி நின்ற படிக்கிற பிள்ளைகளை அருகில் கூப்பிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க, இவங்களும் கேக்கட்டும்" என்றார். இந்த நோய் இப்படித்தான் இருக்கும், குனிந்தால் வழி விடும், நிமிர்ந்தால் நெருக்கும், இவர் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று அவர்களிடம் விளக்கினார். எதை வைத்து நீயும் ஊரும் என்னைப் பொய்க்காரி என்றீர்களோ, அதையே வைத்து அவர் நோயைக் கண்டுபிடித்தார். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எல்லார் எதிரிலும் அழுதேன்.

முதுகில் ஊசி போட்டு மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே ஓரிடத்தில் மருந்து இறங்காமல் நின்றுவிட்டது படத்தில் தெரிந்தது. முதுகெலும்புக்குள் நரம்பு இறங்கிப் போகிற பாதை அங்கே குறுகிவிட்டதாம். ஆபரேஷன் என்றதும் உன் நைனா எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் சித்தப்பா. இடுப்பு வலி என்று போனவரை முதுகு நீளத்துக்குத் திறந்தார்கள், கட்டிலில் வந்தவர் கடைசிவரை கட்டிலைவிட்டு இறங்கவில்லை. முதுகில் கத்தி பட்டால் கால் போய்விடும் என்பது அன்றிலிருந்து நம் ஊரில் சட்டம். உன் சித்தப்பா செத்தபோது அவர் காலைப் பிடித்துக்கொண்டு நீ எப்படி அழுதாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீ தடுப்பாய் என்று பயந்தேன்.

டாக்டரம்மா உன் நைனாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். உன் சித்தப்பாவுக்கு வந்தது முதுகுக்குள் கட்டியாக இருந்திருக்கும், இது வேறு என்றார். முன்பெல்லாம் இதற்கும் பெரிதாகத்தான் திறப்போம், இப்போது மைக்ரோஸ்கோப்பை வைத்துப் பார்த்துக்கொண்டே சின்னதாகக் கீறி, நரம்பை நெருக்குகிற எலும்பையும் தடித்த சவ்வையும் மட்டும் செதுக்கி எடுக்கிறோம், எல்லாருக்கும் இப்படிச் செய்ய முடியாது, இவருக்கு ஓரிடத்தில் மட்டும் நெருக்கம், அதனால் செய்யலாம் என்றார். "நிச்சயமா சரியாயிடுமா?" என்றார் உன் நைனா. "நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன். விட்டா மோசமாகும், அதை மட்டும் நிச்சயமா சொல்லலாம். இன்னும் தள்ளிப்போட்டா சிறுநீர்கூட அவங்க கட்டுப்பாட்டுல இருக்காது" என்றார் அவர். உன் நைனா கையெழுத்துப் போடமாட்டேன் என்று வராந்தாவில் போய் நின்றுகொண்டார்.

நானும் போய் அவர் பக்கத்தில் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றேன். "இவ்ளோண்டு கீறி இவ்ளோ பெரிய நோவு போவும்னா நீ நம்புறியா?" என்றார். எனக்கும் உள்ளே உதறல்தான். ஆனால் அவர் பயத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. "யோவ், ஏரி கடல்ல கலக்குற மொகத்துவாரம் மண்ணு மூடி ஏரி செத்துக் கெடக்கச்சொல்லோ நீங்க இன்னா பண்ணீங்க? முழு மேட்டையுமா வாரினீங்க? சரியான எடம் பாத்து சின்னதா ஒரு வாய்க்கா வெட்டுனீங்க. மீதிய தண்ணியே அறுத்துகினு போச்சு இல்ல?" என்றேன். "எடம் தப்பா வெட்டுனா?" என்றார். "அதுக்குத்தான்யா படம் எடுத்தாங்க" என்றேன். ஏரிக்கு அக்கரையில் ராக்கெட் விடுகிற காலத்தில் என் முதுகில் ஒரு வாய்க்கால் வெட்ட மாட்டார்களா என்றும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் போய்க் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது நான் சாமியை நினைக்கவில்லை, உன்னை நினைத்தேன். நான் கட்டிலோடு வந்தால் நீ என்ன செய்வாய், வராமல் போனால் என்ன செய்வாய் என்று மாறிமாறி ஓடியது. குப்புறப் போடுவார்களோ, மணலில் வலித்தது போல வலிக்குமோ என்று நர்ஸிடம் கேட்டேன். "மண்டி போட்டு குனிஞ்சாப்ல வெச்சுதாம்மா செய்வாங்க, பயப்படாதீங்க" என்றாள். இறால் தடவுகிற மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

கண் விழித்ததும் கால் விரலை ஆட்டச் சொன்னார்கள். வலது கால் ஆடியது. இடது கால் ஆடவில்லை. டாக்டரம்மா கட்டைவிரலைத் தொட்டு, "தெரியுதா?" என்றார். தெரியவில்லை என்றேன். அவர் முகம் மாறவில்லை. ஆனால் போகவும் இல்லை, அங்கேயே நின்றார். கதவு இடுக்கில் உன் நைனாவின் கண் தெரிந்தது. உன் சித்தப்பாவைக் கட்டிலோடு இறக்கிய அன்று இருந்த அதே கண். டேய், அந்தப் பகல் முழுக்க நான் என் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நீ பிறந்தபோதுகூட உன்னை அப்படிப் பார்த்திருக்கமாட்டேன். வெயில் சாய்கிற நேரத்தில் அது அசைந்தது. அசைந்ததா, நான் நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகமாக இருந்தது. "ஆடுதும்மா, ஆடுது!" என்று பக்கத்துக் கட்டில்காரிதான் கத்தினாள். உன் நைனா உள்ளே வந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என் காலைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அவரை வம்புக்கு இழுக்கிறேன்.

தையல் பிரித்தபோது கீறல் எவ்வளவு நீளம் என்று நர்ஸைக் கேட்டேன். ஒரு இறால் நீளம் என்று வைத்துக்கொள். வீட்டுக்கு வந்து, கனம் தூக்காமல், சொன்னபடி கேட்டு, மெதுவாக நடந்து பழகினேன். முதலில் வாசல், பிறகு படகு கட்டுகிற ரேவு, பிறகு கோயில். ஒவ்வொரு தடவையும் அந்த ஈயக்குண்டு எப்போது வந்து தொங்கும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். இடது பாதத்தில் மரப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் ஈயக்குண்டு வந்து தொங்கவில்லை.

போன வாரம் உன் நைனாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறித் திருப்பாலைவனம் போனேன். கூடையில்லை, சைக்கிள் இல்லை. உன்னிடம் நிரூபிக்க நீ இங்கே இல்லாததால் எனக்கு நானே நிரூபித்துக்கொள்ளப் போனேன். மதகு வந்தது. கட்டையைத் தாண்டி நடந்தேன். நடந்த வேகத்தில் மல்லிகா வீட்டு வாசலுக்கே போய்விட்டேன். அவள்தான் கதவைத் திறந்தாள். வாசலிலேயே நின்று, "அன்னிக்கு நான் வேணும்னு உக்காரலம்மா" என்றேன்.

"தெரியும் அத்தே" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"ஜன்னலாண்ட நின்னு பாத்துகினுதான் இருந்தேன். காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. வேணாம்னு உக்காரவங்க தட்டக் கீழ வெச்சிட்டுத்தானே உக்காருவாங்க? நீங்க மடியிலயே வெச்சிருந்தீங்க. ஒரு பூகூடக் கீழ விழல."

அவளே மேலே சொன்னாள். "மறுநாளு உங்க புள்ள எங்க டீக்கடைக்கு வந்தாரு. நான் இதச் சொன்னேன். அதெல்லாம் நடிப்புன்னாரு. பெத்தவ வலியவே நம்பாதவரு நாளைக்கு என் வலிய நம்புவாரான்னு கேட்டேன். அப்பவே பஸ் ஏறிட்டாரு. நான்தான் அத்தே வேணாம்னு சொன்னது."

ஆக, அவள்தான் உன்னை வேண்டாம் என்றிருக்கிறாள். அம்மா உட்கார்ந்து கெடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் என்னைப் பேசியபோது நீ வாயை மூடிக்கொண்டு எளாவூரில் இருந்தாய். எனக்கு எரிகிறது, சொல்லாமல் இருக்கமாட்டேன். அதைவிட அதிகமாக வெட்கமாக இருக்கிறது. மீன் நாற்றம் பார்க்கிற வீட்டுப் பெண் என்று நான் ஒதுக்கிய அவள் ஒருத்திதான் அன்று அந்தத் தெருவில் என்னை நம்பியவள். உள்ளே கூப்பிட்டுப் பாயைப் போட்டாள். அவள் அம்மா கதவுக்குப் பின்னால் நிற்காமல் எதிரில் உட்கார்ந்தாள். உனக்கு அவளைக் கொடுங்கள் என்று நான் கேட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் கேட்டது தப்பென்றால் நேரில் வந்து சண்டை போடு. மல்லிகா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவரு உங்ககூட நடந்து வரட்டும் அத்தே, பாக்கலாம்" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் வா. திருப்பாலைவனம் ஸ்டாப்பில் நிற்பேன். சைக்கிள் கொண்டுவரமாட்டேன், உன் மானத்துக்கு ஒன்றும் ஆகாது. தட்டை நான்தான் ஏந்துவேன். உன்னால் முடிந்தால் பின்னால் வராமல் என் பக்கத்தில் நட. மதகில் உட்காரமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயம் என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை, நான் எப்படிச் சொல்வேன்? ஒருவேளை உட்கார்ந்துவிட்டால் கத்தாதே. தட்டு எங்கே இருக்கிறது என்று பார்.

உன் அம்மா